நுவரெலியாப் பயணமும் பெற்றோல் கணக்கும்

2025ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் நாம் குடும்பத்துடன் நுவரெலியாவுக்குச் சென்று மீண்டோம். மலைநாட்டின் எழிலைப் பற்றி எழுதியோர் பலர். தேயிலைத் தோட்டத்தின் பசுமையையும் பனிமூட்டத்தின் குளிரையும் மீண்டும் ஒருமுறை வருணித்து வாசகர்களின் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்கும் எண்ணம் எமக்கில்லை. எமது பயணத்தின் நோக்கம் வேறு. அவ்வாண்டு புதிதாய் எம் வீட்டுக்கு வந்த மோட்டார் வண்டி எவ்வளவு பெற்றோல் குடிக்கின்றது, ஏன் அவ்வளவு குடிக்கின்றது என்று கண்டறிவதே அந்நோக்கம். இதனைக் கேட்டு நகைக்கும் நண்பர்களுக்கு எம் இல்லாளின் கணக்குக் கொப்பியைக் காட்டுவதன்றி வேறு மறுமொழி எம்மிடம் இல்லை.

அக்கொப்பிக்கு ஒரு வரலாறு உண்டு. 2022ஆம் ஆண்டில் இந்நாட்டில் பெற்றோலுக்கு நேர்ந்த பஞ்சத்தை எவரும் மறந்திரார். ஆனி மாத இறுதியில் லீற்றர் 470 ரூபாவாயிற்று. அதற்கு மறுநாள், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி ஏனையோருக்கு எரிபொருள் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். எமது பழைய மோட்டார் சைக்கிளுடன் நாம் இரண்டு இரவுகள் வரிசையில் படுத்திருந்தோம். பின்னர் கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் கிடைத்தது. அந்நான்கு லீற்றரையும் எங்கெங்கே செலவிட்டோம் என்று எழுதுவதற்காகவே அக்கொப்பி தொடங்கப்பெற்றது. பஞ்சம் நீங்கியும் கொப்பி நீங்கவில்லை.

2020ஆம் ஆண்டு பங்குனியில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025ஆம் ஆண்டு மாசி மாதத்தில் மீண்டும் தொடங்கியது. அதன் பின்னரே ஜப்பான் தேசத்தில் சில காலம் ஓடிய சிறிய 'ஹைபிரிட்' வண்டியொன்றை நாம் வாங்கினோம். வங்கிக் கடன் ஒரு பாதி. மறுபாதிக்கு எம் சேமிப்புப் போதாமையால் இல்லாளின் காப்புகள் நான்கு அடகுக்குப் போயின. விற்றவர் ஒரு லீற்றருக்கு முப்பது கிலோமீற்றர் கண்ணை மூடிக்கொண்டு ஓடும் என்றார். முதல் மாத முடிவில் கொப்பி காட்டியது பதினைந்தரை. இல்லாள் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியை எமது மேசையில் விரித்தபடி வைத்துவிட்டுப் போனார். பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை.

இவ்வகை வண்டியைப் பற்றி அறியாத மாணவர்களுக்காகச் சில சொற்கள். இதிலே பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் ஒருங்கே உள்ளன. பற்றரி பின்னாசனத்தின் கீழ் இருக்கின்றது. புறப்படும்போது மோட்டார் இழுக்கும். வேகம் கூடுகையில் எஞ்சின் எழுந்து வேலையை ஏற்கும். பிறேக்கை மிதிக்கையில் அதே மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறி, வீணாய்ச் சூடாகிப் போகும் சக்தியில் ஒரு பங்கைப் பற்றரிக்கு மீட்டுக் கொடுக்கும். இது முற்றிலும் புதிய எண்ணமன்று. 1900ஆம் ஆண்டளவிலேயே பேர்டினண்ட் போர்ஷே என்பார் பெற்றோல் எஞ்சினையும் மின்மோட்டாரையும் ஒரே வண்டியில் பூட்டிக் காட்டினார். ஆயினும் பெருந்தொகையாகச் செய்து மக்களுக்கு விற்கப்பட்டது, 1997ஆம் ஆண்டு மார்கழியில் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிறியஸ் முதலாகத்தான். எஞ்சினும் சாதாரண எஞ்சினன்று. 1880களில் ஆங்கிலேயரான ஜேம்ஸ் அற்கின்சன் கண்ட முறையைத் தழுவி, சூடான வாயுவை நெடுந்தூரம் விரியவிட்டு அதன் சக்தியைக் கூடுதலாகக் கறந்துகொள்வது.

இவ்வளவும் வகுப்பறையில் சொல்லத் தெரிந்திருந்தும், வண்டியோட்டத்தில் நாம் பேதைகளாயிருந்தோம். எஞ்சின் ஓயும் அமைதியில் மயங்கி, ஒழுங்கை வழியே ஆமை வேகத்தில் மோட்டாரிலேயே ஊர்ந்து செல்வது எமது வழக்கமாயிற்று. மின்சாரம் இலவசம் என்றெண்ணினோம் போலும்! இவ்வண்டியைச் சுவரில் மாட்டி மின்னேற்ற வழியில்லை. பற்றரியில் உள்ள மின்சாரம் யாவும் பெற்றோலில் பிறந்ததே. பெற்றோலை மின்னாக்கி, மின்னைத் தேக்கி, தேக்கியதை மீண்டும் இயக்கமாக்குகையில் ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு கழிந்துபோகின்றது. அளவாக மிதித்து எஞ்சினைக் கொண்டே வேகத்தை எட்டிவிட்டு, பின் காலைத் தளர்த்தி ஓடவிடுவதே ஆதாயம். போதாக்குறைக்கு எமது கல்லூரி வீட்டிலிருந்து மூன்று கிலோமீற்றர் தொலைவு. எஞ்சின் சூடேறித் தன் நிலைக்கு வருமுன்னரே வாயில் வந்துவிடும். அத்தூரத்துக்குச் சைக்கிளே தக்கது என்று இப்போது சைக்கிளில் போகின்றோம்.

இனிப் பயணத்துக்கு வருவோம். எம்முடன் வந்தவர்களுள் முக்கியமானவர் எமது பெரிய மாமா. வயது எழுபத்தெட்டு. யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகள் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் வாடகைக் கார் ஓட்டியவர். 1990களில் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்தில், அந்தக் காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். இக்காலத்துப் பிள்ளைகள் இதனைக் கதையென்று நினைப்பார்கள். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடியாது. ஆகவே சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகை ஒழுங்கையை மூடும். ஊரே இருமும்.

1993ஆம் ஆண்டு ஓர் இரவு எமது தந்தையாருக்கு நெஞ்சுவலி கண்டது. மாமாவின் போத்தலில் அன்று ஒரேயொரு தடவைக்குப் போதுமான பெற்றோலே இருந்தது. எஞ்சினை எழுப்பி, தந்தையாரை ஏற்றி, விளக்கில்லா வீதியால் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எஞ்சின் நின்று ஆறிவிட்டால் மீண்டும் பிடிக்காது. வேறெங்கேனும் கொண்டுபோகச் சொன்னால் என் செய்வது? விடியுமட்டும் ஆசுபத்திரி மதிலோரம் காரிலிருந்து இறங்காமல், எஞ்சின் ஓயவிடாமல் அக்சிலறேற்றரை மெல்ல மெல்ல மிதித்தபடியே இருந்தார். பன்னிரண்டு வயதுச் சிறுவனான நாம் அவர் பக்கத்து ஆசனத்தில் அரைத் தூக்கத்தில் இருந்தோம். எஞ்சின் தடுமாறும்போதெல்லாம் அவர் கை எம் தோளை இறுகப் பற்றியது இன்றும் நினைவிருக்கின்றது. தந்தையார் அதன் பின் பதினோராண்டுகள் வாழ்ந்தார்.

இத்தகைய மனிதரை, சந்திக்குச் சந்தி எஞ்சின் தானாகவே ஓய்ந்துவிடும் வண்டியில் ஏற்றினோம். கொடிகாமத்தில் முதன்முறை வண்டி நின்று எஞ்சின் அடங்கியபோது மாமா திடுக்கிட்டு முன்பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எஞ்சின் நிண்டிட்டுது!"

"அது தானா நிக்கும் மாமா, தானா எழும்பும். பயப்படாதையுங்கோ."

அவர் தலையசைத்தார். ஆயினும் பரந்தன், கிளிநொச்சி என்று நிற்குமிடந்தோறும் அவர் கை முன்பலகைக்குப் போவதை நாம் கண்டோம். ஓயும் எஞ்சினே இவ்வண்டியின் சிக்கனத்தின் வேர் என்று பௌதிகம் பேசி விளக்க முயன்றோம். அவருடைய கைக்குப் பௌதிகம் விளங்கவில்லை.

புறப்படுமுன் ரயர்களைச் சோதித்திருந்தோம். காற்றடிக்கும் கடைப் பையன் வழக்கப்படி 28 இறாத்தல் போட வந்தான். சாரதியின் கதவுத் தூணில் ஒட்டியிருந்த தாளிலோ 33 என்றிருந்தது. இத்தனை வாரமும் காற்றுக் குறைந்த ரயரோடு நாம் ஓடியிருக்கின்றோம்! காற்றுக் குறைந்த ரயர் நசிந்து நசிந்து உருளுகையில் சக்தி சூடாகி வீணாகின்றது. ரயர் குளிர்ந்திருக்கையில் அளக்கவேண்டும் என்பதும் முக்கியம். ஓடிச் சூடேறிய பின் அளந்தால் கூடுதலாகவே காட்டும்.

ஆனையிறவில் சோழகம் எம்மைப் பிடித்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் பனம்பழம் விழுத்தும் காற்று அது. உப்பு வெளியிலே மறைப்பதற்கு ஒரு மரமுமில்லை. முகத்திலும் வலப்பக்கத்திலும் மோதிய காற்றில் வண்டி சற்றே அசைய, முன்பலகையில் சிக்கனம் காட்டும் கோடு விழுந்துகொண்டேயிருந்தது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. எழுபது கிலோமீற்றர் வேகத்தில் உள்ள தடை, தொண்ணூறில் அறுபத்தைந்து வீதம் கூடிவிடுகின்றது. எதிர்க்காற்று வீசினால் நீர் எழுபதில் ஓடினாலும் அக்காற்றையும் சேர்த்தே வண்டி கிழித்துச் செல்லவேண்டும். நகர்ப்புறத்துக்கு வெளியே கார்களுக்குச் சட்டம் வகுத்த எல்லையும் எழுபதுதான். கண்டி வீதியின் நீளமான நேர்ப்பகுதிகள் காலைத் தூண்டுவன. நாம் அறுபத்தைந்தில் நின்றுகொண்டோம். எம்மைத் தாண்டிப் பறந்த வான்கள் பல. அவற்றுட் சில முறிகண்டியில் எமக்கு முன்னே நின்று தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தன. நாமும் பிள்ளையாரை வணங்கி, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம்.

மாங்குளம் தாண்டியதும் மாமாவின் பாடசாலை தொடங்கியது. வன்னி வீதியில் மாடுகள் எவ்வேளையும் குறுக்கே நடக்கும். நாம் மாட்டுக்கு அருகே போய்ப் பிறேக்கை அழுத்துபவராயிருந்தோம்.

"மாட்டை எங்கை காண்கிறியோ அங்கையே காலை எடு தம்பி. வண்டி தன்ரை பாட்டிலை வரட்டும். பிறேக் எண்டது காசு."

மண்ணெண்ணெய்க் காலத்தில் கற்ற பாடம் அது. இவ்வண்டிக்கு அது இருமடங்கு பொருந்தும். முன்னதாகக் காலையெடுத்து மெல்லப் பிறேக் பிடித்தால், மோட்டார் அச்சக்தியைப் பற்றரிக்குத் திருப்புகின்றது. கடைசி வேளையில் திடீரென அழுத்தினாலோ பிறேக் கட்டைகள் பற்றிக்கொண்டு அதனைச் சூடாக்கி வீணாக்கிவிடும். ஓமந்தை வரையும் அவர் சொன்னபடியே ஓட்டினோம். சோழகத்தால் விழுந்த கோடு மெல்ல நிமிர்ந்தது. இல்லாள் பின்னாசனத்திலிருந்து எட்டிப் பார்த்து, "மாமாவை முதல் மாதமே ஏற்றியிருக்கலாம்" என்றார்.

மாமாவின் எல்லாப் பாடமும் இங்கே செல்லுபடியாகவில்லை. இறக்கங்களில் நியூற்றலுக்கு மாற்றி வண்டியை உருளவிடுவது அக்காலச் சாரதிகளின் வழக்கம். எமக்கும் அதனையே உபதேசித்தார். அது எந்த வண்டிக்கும் அபாயம், இதிலோ பயனுமில்லை. நியூற்றலில் பற்றரி மின்னேறுவதில்லை. இதனைக் கூறியதும் மாமா சிறிது நேரம் மௌனமாயிருந்து, "அப்ப அதை நான் மறக்கிறன்" என்றார். கற்றதை மறக்கத் தெரிந்த முதியவரை நாம் அரிதாகவே கண்டிருக்கின்றோம். எமது ஆசிரியர் அறையில் ஒருவருமிலர்.

தம்புள்ளையில் பின்னாசனத்தருகே காற்றாடி இரைவது போன்ற ஒலி எழுந்தது. கண்டியிலுள்ள உறவினருக்காக எடுத்துவந்த ஒடியலும் பினாட்டும் அடங்கிய பையை, ஆசனப் பக்கத்தில் இருந்த சிறு சல்லடைத் துவாரத்தின்மேல் மகள் சாய்த்து வைத்திருந்தாள். பற்றரிக்குக் குளிர்காற்று செல்லும் வழியே அத்துவாரம். வெப்பம் பற்றரிக்குப் பகை. பையை அகற்றிச் சிறிது நேரத்தில் ஒலி அடங்கியது. வண்டியின் கைந்நூல் முழுவதும் ஜப்பானிய மொழியில் இருந்தமையால் இதனை நாம் முன்னர் அறிந்திலோம். மகன்தான் கைபேசியின் துணையால் படித்துச் சொன்னான். இன்னொன்றையும் அவனே கண்டான். ஒவ்வொரு காலையும் வண்டியை இயக்கியவுடன் பெண்குரலொன்று இனிமையாக ஏதோ மொழியும். காலை வணக்கம் என்றெண்ணி நாமும் சில வாரங்கள் மறுவணக்கம் கூறிவந்தோம். ஜப்பானிய வீதிக் கட்டணத்துக்குரிய அட்டை செருகப்படவில்லை என்று அவ்வம்மையார் முறையிட்டாராம்!

மாத்தளைக்கப்பால், கட்டுகஸ்தோட்டையில் வாகன நெரிசல். சாதாரண வண்டிகள் நின்ற இடத்திலே பெற்றோலை எரித்துக்கொண்டிருக்க, எமது வண்டி ஓசையின்றி ஊர்ந்தது. ஹைபிரிட்டுக்குப் பட்டணமே சொர்க்கம் என்பது உண்மைதான். மாமாவின் கை மட்டும் முன்பலகையை விட்டு எழவில்லை.

மறுநாள் பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக ஏற்றம். இங்கேதான் விற்றவரின் முப்பது முற்றாகக் கரைந்தது. வண்டியும் நாம் ஐவரும் பொதிகளுமாக ஏறக்குறைய 1,500 கிலோகிராம். பேராதனைக்கும் நுவரெலியாவுக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,400 மீற்றர். இந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும், நல்ல எஞ்சினுக்கும் ஒன்றேமுக்கால் லீற்றர் பெற்றோல் வேண்டும். வழியோடும் செலவு வேறு. எந்தச் சாமர்த்தியத்தாலும் இக்கணக்கைக் குறைக்க இயலாது. றம்பொடை நீர்வீழ்ச்சியருகே முன்பலகை லீற்றருக்குப் பதினான்கு என்றது. இல்லாளுக்கு இக்கணக்கை எழுதிக் காட்டினோம். "அப்போது இறங்கும்போது அந்த ஒன்றேமுக்கால் லீற்றரும் திரும்பி வருமோ?" என்று கேட்டார். வகுப்பிலே எந்த மாணவனும் இவ்வளவு நேரான வினாவைக் கேட்டதில்லை.

விடை இரண்டு நாட்களின் பின் இறக்கத்திலே கிடைத்தது. நுவரெலியாவின் எல்லையைக் கடந்து வண்டி சரியத் தொடங்கியதும் பற்றரியின் கோடுகள் மளமளவென ஏறின. பிள்ளைகள் எண்ணிக் கைதட்டினர். ஆனால் இவ்வகைச் சிறு ஹைபிரிட்டின் பற்றரி மிகச் சிறிது. மொத்தமே ஓர் அலகு மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவு, அதிலும் ஒரு பங்கையே வண்டி பயன்படுத்தவிடும். இருநூறு மீற்றர் உயரம் இறங்குமுன்னரே அது நிரம்பிவிட்டது. றம்பொடை அருவியைச் செம்பிலே பிடிக்க முயல்வதை ஒத்தது அது. எஞ்சிய உயரமெல்லாம் எங்கே போவது?

அதற்கு மறுமொழிபோல் திடீரென எஞ்சின் பேரிரைச்சலுடன் எழுந்தது. மகள் அலறினாள். காலை எடுத்த நிலையில் எஞ்சின் ஏன் கத்துகின்றது என்று எமக்கே ஒரு கணம் புரியவில்லை. மாமாவோ புன்னகைத்தார்.

"பயப்படாதை தம்பி. இது முதலாம் கியரிலை இறங்கிற மாதிரி. வண்டியை எஞ்சின் பிடிச்சு வைச்சிருக்குது."

அவர் கூறியதே சரி. பற்றரி நிரம்பியதும், மிஞ்சிய சக்தியைக் கொண்டு எஞ்சினைப் பெற்றோலின்றியே சுழற்றி வண்டி தன்னைத் தடுத்துக்கொள்கின்றது. நீண்ட இறக்கத்தில் கியர்ப்பிடியை 'பி' என்னும் நிலைக்கு மாற்றினால் இத்தடுப்பு மேலும் வலுக்கும். பிறேக் கட்டைகள் கொதியா. சமவெளியில் அந்நிலையில் ஓட்டுவது மட்டும் வீண்செலவு. மலை தின்ற ஒன்றேமுக்கால் லீற்றரில் பற்றரி திருப்பித் தந்தது சிறு பங்கே. ஆனால் பெற்றோலை ஏறக்குறையத் தொடாமலே பல கிலோமீற்றர் இறங்கினோம் என்பதையும் கணக்கிற் சேர்க்கவேண்டும். பேராதனையை அடைந்தபோது அந்த இறக்கத்துக்கு மட்டும் லீற்றருக்கு முப்பத்தெட்டு என்று முன்பலகை காட்டியது. அதனைக் கொப்பியில் எழுத இல்லாள் மறுத்துவிட்டார். ஏறிய கணக்கையும் இறங்கிய கணக்கையும் சேர்த்தே எழுதுவாராம்.

மறுநாள் மாலையில் கண்டியிலிருந்து திரும்பினோம். வவுனியாவுக்கு அப்பால் இருள் சூழ்ந்தது. இப்போது சோழகம் எம் முதுகுப்புறம். வந்தபோது கப்பம் வாங்கிய காற்று, போகையிலே கைகொடுத்தது. குளிர்ந்த இரவாகையால் குளிரூட்டியையும் நிறுத்தியிருந்தோம். முன்னாசனத்தில் மாமா சால்வையைப் போர்த்திக்கொண்டு சாய்ந்திருந்தார்.

புறப்பட்ட நாளில் நிரப்பிய அதே நிலையத்தில், அதே பம்பில், பம்பு தானாக நிற்கும் அளவுக்கு மீண்டும் நிரப்பினோம். இடையிற் கண்டியில் ஊற்றியதையும் கூட்டினால் 37 லீற்றர். ஓடிய தூரம் 842 கிலோமீற்றர். இல்லாள் கைவிளக்கின் ஒளியில் வகுத்துப் பார்த்து, லீற்றருக்கு இருபத்திரண்டே முக்கால் என்று எழுதினார். முன்பலகை காட்டியது இருபத்துநான்கு; தன்னைப் பற்றித் தானே கூறும் எதையும் சிறிது தள்ளுபடி செய்தே கேட்கவேண்டும் போலும். முப்பது இல்லைத்தான். ஆனால் அடகுக் கடைக்கு மாதந்தோறும் கட்டும் வட்டியைப் பதினைந்தரைக்கும் இருபத்திரண்டே முக்காலுக்கும் உள்ள வித்தியாசத்துடன் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவர் கொப்பியை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

எமது ஒழுங்கைக்குள் திரும்பியபோது மணி பதினொன்றைக் கடந்திருந்தது. காலைத் தளர்த்தினோம். எஞ்சின் ஓய்ந்தது. வேலியோரப் பனைகளின் சலசலப்பன்றி வேறோசையில்லை. வழக்கம்போல் முன்பலகையை நோக்கி வரும் மாமாவின் கையை எதிர்பார்த்துத் திரும்பிப் பார்த்தோம். கை மடியிலேயே கிடந்தது. மாமா நன்றாக உறங்கிக்கொண்டிருந்தார்.